அடுக்குக் கலப்பு முறைகள்: நிலைப்பட, அசைபட மென்பொருள்களிடையே உள்ள வேறுபாடும் அதன் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

நிலைப்படத்தைத் திருத்தும் மென்பொருள்களிலும் அசைபடத்தைத் தொகுக்கும் மென்பொருள்களிலும் அடுக்குக் கலப்பு முறைகள் பெரும்பாலும் ஒரே பெயர்களைத் தாங்கியுள்ளன. ஆயினும், அதே இரண்டு படங்களை அதே பெயருள்ள முறையில் கலந்தாலும் கிடைக்கும் விளைவு பலவேளை வேறுபடுகிறது. சூத்திரங்களின் வேறுபாடு இதற்குச் சிறிய காரணமே. சூத்திரம் எவ்வகை எண்ணின்மீது செயல்படுகிறது என்பதே பெரிய காரணம் என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. திரைப்படச் சுருளில் விழும் ஒளி, ஒன்றன்மீது ஒன்றாக வைக்கப்பட்ட படலங்களின் அடர்த்தி, தொலைக்காட்சியின் மின்குறி ஆகிய மூன்று மரபுகளும் கணினிக்குள் நுழைந்தபோது ஒரே பெயர்ப்பட்டியலில் அடைக்கப்பட்டன. அதனால் நேர்ந்த குழப்பமும், அதைத் தீர்க்க மென்பொருள்கள் மேற்கொண்ட வழிகளும் இங்கு வரலாற்று முறையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலப்பு முறை, அடுக்கு, ஆல்ஃபா, காமா, நேரியல் ஒளி, போட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், நியூக், ஜிம்ப்

முன்னுரை

கணினியில் ஒரு படம் என்பது எண்களின் அணிவகுப்பு. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை அடுக்காக வைக்கும்போது, மேலடுக்கின் எண்ணையும் கீழடுக்கின் எண்ணையும் கொண்டு புதிய எண்ணைக் கணக்கிடும் விதியே கலப்பு முறை எனப்படுகிறது. கறுப்பை 0 என்றும் வெண்மையை 1 என்றும் கொண்டால், 'மல்டிப்ளை' என்பது இரண்டையும் பெருக்குகிறது. 'ஆட்' இரண்டையும் கூட்டுகிறது. 'ஸ்கிரீன்' இரண்டையும் தலைகீழாக்கிப் பெருக்கி, விடையை மீண்டும் தலைகீழாக்குகிறது. 'ஓவர்லே' கீழடுக்கின் இருண்ட பகுதியில் பெருக்கலையும் வெளிச்சமான பகுதியில் ஸ்கிரீனையும் கையாள்கிறது.

இவ்விதிகள் எளியவை, எந்த மென்பொருளின் கையேட்டிலும் காணக்கிடைப்பவை. ஆகவே, ஒரு வடிவமைப்பாளர் நிலைப்படமாக அமைத்த அடுக்குகளை அசைபடத் தொகுப்பாளர் தம் மென்பொருளில் திறக்கும்போது, விளக்கொளி கூடுதலாக எரிவதும், நிழல் மங்குவதும், மேற்பூச்சு கருத்துப்போவதும் வியப்பையே தருகின்றன. ஒருவர் கண்ணால் பார்த்து முடிவுசெய்த ஒளியளவு மற்றவர் கைக்குப் போகும்போது மாறிவிடுகிறது. இதைப் பிழை என்று ஒதுக்கிவிட இயலாது. இரு மென்பொருள்களும் தத்தம் மரபுக்கு உண்மையாகவே நடந்துகொள்கின்றன. அம்மரபுகள் எவை என்பதை முதலில் காண வேண்டும்.

1. கணினிக்கு முந்தைய மூன்று மரபுகள்

முதலாவது, ஒளியைக் கூட்டும் மரபு. ஒளிப்படச் சுருளின் ஒரே பகுதியை இருமுறை ஒளிக்குக் காட்டினால், இரு முறையும் விழுந்த ஒளி அதன் பூச்சில் சேர்ந்துகொள்கிறது. பிரான்சு நாட்டின் ஜார்ஜ் மெலியே 1898இல் எடுத்த ஒரு குறும்படத்தில் ஒரே மனிதரின் தலைகள் மேசைமீது வரிசையாக அமர்ந்து பாடுகின்றன. இதற்கு அவர் கறுப்புப் பின்னணியைப் பயன்படுத்தினார். கறுப்பிலிருந்து ஒளி வருவதில்லை. ஆகவே அப்பகுதியில் சுருள் கெடாமல் அடுத்த பதிவுக்குக் காத்திருக்கும். கூட்டலில் 0 எதையும் மாற்றாது என்ற கணித உண்மையைத்தான் மெலியேயின் கறுப்புத் துணி செய்துகாட்டியது. இன்று தீப்பொறி, புகை, மின்னல் ஆகியவற்றைக் கறுப்புப் பின்னணியில் படம்பிடித்து 'ஆட்' முறையில் சேர்ப்போர் பின்பற்றுவது இதே வழியைத்தான்.

ஒளியைக் கூட்டுவதோடு பகிர்வதும் இம்மரபுக்குள் அடங்கும். இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1878இல் வெளியிட்ட கூட்டுமுகப் படங்களில், பல முகங்கள் ஒரே தகட்டில் பதிக்கப்பட்டன. மொத்தப் பதிவுநேரத்தை முகங்களுக்குள் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் சிறு பங்கை மட்டும் அவர் அளித்தார். இன்றைய மென்பொருளில் அடுக்கின் ஒளிபுகாமையை 50 விழுக்காடாகக் குறைப்பது இதற்கு ஒப்பானது. இங்கே சராசரி எடுக்கப்பட்டது ஒளிக்கு என்பதை மனங்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, படலங்களை அடுக்கும் மரபு. இரு ஒளிப்படப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளியைச் செலுத்தினால், முதற்படலம் பாதி ஒளியையும் இரண்டாம் படலம் அதில் பாதியையும் விட, கால் பங்கே வெளிவரும். இங்கு ஒளி பெருக்கப்படுகிறது. வெண்மை, அதாவது தெளிந்த படலம், எதையும் மாற்றுவதில்லை. தாளின்மேல் ஒரு மையின்மீது இன்னொரு மை படிவதும் ஏறக்குறைய இத்தகையதே. ஒளிப்பட இருட்டறையில் ஒரு பகுதிக்கு ஒளியைக் குறைத்துக் காட்டுவதை 'டாட்ஜ்' என்றும் கூட்டிக் காட்டுவதை 'பர்ன்' என்றும் வழங்கினர். இச்சொற்களும் பின்னர்க் கலப்பு முறைகளின் பெயர்களாயின.

இம்மரபோடு ஒட்டியது மறைப்புத் தகட்டின் மரபு. ஆஸ்கர் ரெய்லேண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களிலிருந்து ஒரே படத்தை உருவாக்கியபோது அவர் ஒளியைக் கலக்கவில்லை; ஒரு பகுதியை மறைத்து மறுபகுதியை அச்சிட்டார். திரைப்படத்தில் நடமாடும் உருவத்தோடு சேர்ந்து நகரும் மறைப்புக்கு பிராங்க் வில்லியம்ஸ் 1918இல் காப்புரிமை பெற்றார். லின்வுட் டன் 1940களில் உருவாக்கிய ஒளியியல் அச்சுப்பொறி இப்பணியைத் தொழில்முறையாக்கியது. நீலத்திரையிலிருந்து நுண்ணிய விளிம்புகளையும் பிரித்தெடுக்கும் வழியைப் பீட்ரோ விளாஹோஸ் 1959இல் வெளிவந்த 'பென்-ஹர்' படத்துக்காக வகுத்தார்.

மூன்றாவது, தொலைக்காட்சியின் மின்குறி மரபு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கதிர்க்குழாய், அதற்கு அளிக்கப்படும் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் ஒளிர்வதில்லை. அழுத்தம் பாதியானால் ஒளி பாதியாகாமல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். இதை ஈடுசெய்ய, ஒளிக்கருவியிலிருந்து வரும் குறியை முன்கூட்டியே வளைத்து அனுப்பினர். இவ்வளைவே காமா எனப்படுகிறது. தொலைக்காட்சி நிலையத்தின் கலப்பு மேடையில் ஒரு காட்சி மங்கி மறுகாட்சி தோன்றும்போது, இவ்வாறு வளைக்கப்பட்ட மின்குறிகளே கூட்டப்பட்டன. திரைப்படக் கூடத்தில் ஒளி கலந்தது. தொலைக்காட்சி நிலையத்தில் குறி கலந்தது. 'அசைபட மரபு' என்று ஒற்றையாகச் சொல்லப்படுவதற்குள்ளேயே இப்பிளவு இருந்தது.

2. கணினியில் கலப்பு

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1975இல் டான் இங்கால்ஸ் உருவாக்கிய 'பிட்பிளிட்' என்னும் செயல்முறை, திரையின் ஒரு செவ்வகத்தை இன்னொன்றின்மீது எவ்விதியின்படி படியெடுப்பது என்ற கேள்விக்கு விடையளித்தது. அன்றைய திரையில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே இருந்தமையால், விதிகள் தருக்க விதிகளாக இருந்தன. ஆப்பிளின் குவிக்டிரா இவற்றை 'டிரான்ஸ்ஃபர் முறைகள்' என்றது. வண்ணம் வந்தபின் கூட்டல், கழித்தல், பெரியதை எடுத்தல், சிறியதை எடுத்தல் ஆகிய எண்கணித விதிகளும் அவற்றோடு சேர்ந்தன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் தொடக்கப் பதிப்புகளும் கலப்பு முறைகளை 'டிரான்ஸ்ஃபர் முறைகள்' என்றே அழைத்தன என்பது குறிப்பிடத்தக்கது.

மறைப்புத் தகட்டின் மரபு வேறொரு வழியாகக் கணினிக்குள் வந்தது. நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோர், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, அப்புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பதைக் குறித்தனர். இதற்கு ஆல்ஃபா என்று பெயரிடப்பட்டது. 1984இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் வெளியிட்ட கட்டுரை, ஆல்ஃபா கொண்ட இரு படங்களைச் சேர்க்கும் பன்னிரண்டு வழிகளை முறைப்படுத்தியது. 'மேலே', 'உள்ளே', 'வெளியே' முதலிய அவ்வழிகள் யாவும் எது எதை மறைக்கிறது என்பதைப் பற்றியவை. அவற்றோடு அவர்கள் 'பிளஸ்' என்னும் கூட்டலையும் சேர்த்தனர். ஒரு காட்சி மறைந்து மறுகாட்சி தோன்றுவதைக் கணிதமாக எழுத அது தேவைப்பட்டது. மெலியேயின் இருமுறைப் பதிவு இங்கே சூத்திரமாகிவிட்டது எனலாம்.

3. போட்டோஷாப்பும் தாளின் மரபும்

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. அவர்களுள் ஜான் நோல், லூகாஸ் நிறுவனத்தின் திரைத்தந்திரக் கூடமாகிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் பணியாற்றியவர். ஆகவே திரைப்பட மரபுக்கும் இம்மென்பொருளுக்கும் தொடக்கத்திலேயே உறவுண்டு. எனினும் அதனை வாங்கிப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் அச்சுத்துறையினர். அடுக்குகள் 1994இல் மூன்றாம் பதிப்பில் வந்தபோது, கலப்பு முறைகள் அடுக்கின் நிலையான பண்பாயின.

அச்சுத்துறையின் தாக்கத்தைக் காட்டும் தெளிவான சான்று, 2001இல் வந்த பிடிஎஃப் 1.4 வரையறை. ஒளிபுகும் பொருள்களை அச்சுக்கோப்பில் விவரிக்க அது பதினாறு கலப்பு முறைகளைப் பட்டியலிட்டது. நார்மல், மல்டிப்ளை, ஸ்கிரீன், ஓவர்லே முதலியன அதில் உள்ளன, 'ஆட்' இல்லை. தாளில் மையைக் கூட்டி ஒளியைப் பெருக்க இயலாது. வெள்ளைத் தாளே அங்கு ஒளியின் உச்சம். போட்டோஷாப்பிலும் கூட்டல் ஓர் அடுக்கு முறையாக 2002இல் ஏழாம் பதிப்பில்தான் வந்தது. அப்போதும் 'லீனியர் டாட்ஜ்' என்னும் இருட்டறைப் பெயரோடு வந்தது. 'ஆட்' என்ற சொல் அப்பெயரின் அருகே பின்னரே சேர்க்கப்பட்டது. அசைபடத் தொகுப்பாளர் நாள்தோறும் கையாளும் முறை, நிலைப்படத் துறையில் பிற்காலத்து விருந்தினராகவே நுழைந்தது.

4. ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் காலமும்

ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இயங்கிய கோசா நிறுவனம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸை 1993இல் வெளியிட்டது. அவ்வாண்டே அது ஆல்டஸ் நிறுவனத்துக்கும், 1994இல் அடோபிக்கும் கைமாறியது. ஒரே நிறுவனத்தின்கீழ் வந்ததால் அதன் கலப்பு முறைகள் போட்டோஷாப்பின் பட்டியலை ஒட்டி அமைந்தன. ஒட்டாமல் நின்றவையே அதன் மரபைக் காட்டுகின்றன.

'ஸ்டென்சில்', 'சில்லவுட்' ஆகிய முறைகள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உள்ளன. ஓர் அடுக்கின் வடிவமோ ஒளியோ கீழுள்ள எல்லா அடுக்குகளையும் வெட்டி எடுக்கும்படி இவை செய்கின்றன. இவை வண்ணத்தைக் கலப்பவையல்ல. ஒளியியல் அச்சுப்பொறியின் மறைப்புத் தகடுகளே கலப்பு முறைப் பட்டியலில் அமர்ந்துள்ளன. போட்டோஷாப்பின் பட்டியலில் இவை இல்லை. அங்கே மறைப்பு என்பது தனி வசதி.

இன்னொரு வேறுபாடு காலத்தைப் பற்றியது. 'டிசால்வ்' முறை மேலடுக்கைச் சிதறிய புள்ளிகளாக்குகிறது. நிலைப்படத்தில் அப்புள்ளிகள் ஒருமுறை சிதறினால் போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதனோடு 'டான்சிங் டிசால்வ்' என்று மற்றொன்றும் உண்டு. அதில் புள்ளிகளின் சிதறல் காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். அதே வேளையில், கலப்பு முறையையே காலப்போக்கில் படிப்படியாக மாற்ற அம்மென்பொருள் இடந்தருவதில்லை. பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் நடுவே ஒரு பாதி முறை இல்லாமையால், மாற்ற விரும்புவோர் அடுக்கை அந்த நொடியில் இரண்டாக வெட்ட வேண்டும்.

அடுக்குகளைத் தொகுக்கும் விதியும் வேறு. போட்டோஷாப்பில் ஒரு குழுவுக்குள் உள்ள அடுக்குகள், இயல்பாகவே குழுவின் எல்லையைக் கடந்து கீழுள்ள படத்தோடு கலக்கின்றன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அடுக்குகளைத் தனித் தொகுப்பாக்கி உள்ளே வைத்தால், அவற்றின் கலப்பு அத்தொகுப்புக்குள்ளேயே முடிந்துவிடும். அதை வெளியே கொண்டுவர, தனியாக ஒரு பொத்தானை இயக்க வேண்டும். ஒளி வீசும் அடுக்கு திடீரெனக் கறுப்புப் பலகையாகத் தோன்றுவதற்கு இது பொதுவான காரணம்.

5. எண் எதைக் குறிக்கிறது?

மேற்கண்டவை அமைப்பு வேறுபாடுகள். அவற்றைவிட ஆழமானது எண்ணின் பொருள்.

பெரும்பாலான நிலைப்படக் கோப்புகளில் 0 முதல் 255 வரை சேமிக்கப்படும் எண், ஒளியின் அளவன்று; காமா வளைவு பெற்ற குறி. 255இல் பாதியாகிய 128 என்னும் சாம்பல், வெண்மையின் பாதி ஒளியைத் தருவதில்லை. ஏறக்குறைய 21 விழுக்காட்டு ஒளியையே தருகிறது. வெண்மையின் பாதி ஒளியைக் குறிக்கும் எண் 188. போட்டோஷாப் தன் இயல்பு நிலையில் இந்த வளைந்த எண்களையே நேராகக் கலக்கிறது. நியூக் போன்ற திரைப்படக் கலப்பு மென்பொருளோ, படம் உள்ளே வரும்போதே வளைவை நீக்கி, உண்மையான ஒளியளவாக மாற்றி, அதன்மீது கணக்கிடுகிறது.

இதன் விளைவை எண்களால் காணலாம். கறுப்பின்மேல் வெண்மையை 50 விழுக்காடு ஒளிபுகாமையில் வைத்தால், வளைந்த எண்களில் 128 கிடைக்கிறது. நேரியல் ஒளியில் 188 கிடைக்கிறது. இரண்டாவது விடை கால்டனின் தகட்டில் விழுந்த ஒளிக்கு ஒத்தது. முதலாவது தொலைக்காட்சிக் கலப்பு மேடையின் குறிக்கு ஒத்தது.

அடுத்து, 0.5 மதிப்புள்ள இரு சாம்பல்களைச் சேர்ப்போம். வளைந்த எண்களில் 'ஆட்' செய்தால் 1, அதாவது முழு வெண்மை. 'ஸ்கிரீன்' செய்தால் 0.75. உண்மையான ஒளிகளைக் கூட்டி மீண்டும் வளைத்தால் ஏறக்குறைய 0.69. இந்த எடுத்துக்காட்டில், உண்மையான ஒளிக்கூட்டலுக்கு அருகில் நிற்பது 'ஆட்' அன்று, 'ஸ்கிரீன்' என்பது வெளிப்படை. நிலைப்பட வடிவமைப்பாளர்கள் ஒளிவட்டத்துக்கும் பளபளப்புக்கும் நெடுங்காலம் ஸ்கிரீனை நாடியதன் காரணம் இதில் விளங்குகிறது. வளைந்த எண்களின் உலகில் கூட்டல் ஒளியை எரித்துவிடும். ஸ்கிரீன் மென்மையாகத் தாங்கும். நேரியல் ஒளியில் பணிபுரிபவருக்கு அந்த இடைவழி தேவையில்லை, கூட்டலே இயற்கையானது. இருவரும் தேடுவது ஒரே ஒளியை; அழைக்கும் பெயர் வேறு.

ஓவர்லேயில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அதன் சூத்திரத்தில் 0.5 என்பது நடுவெல்லை. போட்டோஷாப்பில் நடுச்சாம்பல் நிறைந்த அடுக்கை ஓவர்லே முறையில் வைத்தால் கீழ்ப்படத்தில் எம்மாற்றமும் நேராது. அந்த அடுக்கில் வெளிறவும் கருக்கவும் தீட்டி ஒளியைத் திருத்துவது பழகிய உத்தி. அதே அடுக்கு நேரியல் ஒளிக்கு மாறும்போது அச்சாம்பலின் மதிப்பு 0.21 ஆகிவிடுகிறது. நடுவெல்லை 0.5இலேயே நிற்கிறது. ஆகவே, எதையும் மாற்றாதிருந்த அடுக்கு, கீழ்ப்படத்தின் இருண்ட பகுதிகளின் ஒளியைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது.

எல்லா முறைகளும் இவ்வாறு மாறுவதில்லை. பெருக்கல் ஏறத்தாழ மாறாது நிற்கிறது. காமா என்பது அடுக்குக்குறி உயர்த்தல். இரு எண்களைப் பெருக்கி உயர்த்தினாலும், உயர்த்திப் பெருக்கினாலும் விடை ஒன்றே. 'டார்க்கன்', 'லைட்டன்' ஆகியவை இரண்டில் சிறியதையோ பெரியதையோ தேர்வதால் அவையும் மாறா. வளைவு எண்களின் வரிசையைக் குலைப்பதில்லை. ஆகவே நிலைப்படத்திலிருந்து அசைபடத்துக்குச் செல்லும்போது பெருக்கலால் அமைத்த நிழல் பெரும்பாலும் அப்படியே வந்துசேரும். கூட்டல், ஸ்கிரீன், ஓவர்லே, மென்னொளி, வெறும் ஒளிபுகாமை ஆகியவற்றால் அமைத்தவை மாறும். படலங்களின் அடர்த்தி மரபு இடமாற்றத்தைத் தாங்குகிறது. ஒளியைச் சேர்க்கும் மரபு தாங்குவதில்லை.

மென்பொருள் உருவாக்கியோர் இதை அறிந்தே இருந்தனர் என்பதற்கு அமைப்புப் பலகைகள் சான்று. போட்டோஷாப்பின் வண்ண அமைப்புகளிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் திட்ட அமைப்புகளிலும், காமா 1.0இல் கலக்கும்படி செய்யும் தேர்வு உள்ளது. பிரீமியர் புரோவில் நேரியல் வண்ணத்தில் கலக்கும் தேர்வு உண்டு. மறுபுறம் நியூக்கின் இணைப்பு முனையில், கலப்பதற்குமுன் எண்களை வளைந்த காணொளி வெளிக்கு மாற்றும் பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் மற்றதன் மரபுக்கு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்துள்ளது. ஆனால் அக்கதவு எளிதில் கண்ணில் படாத மூலையில் உள்ளது.

6. வெண்மைக்கு மேற்பட்ட ஒளி

தாளில் வெண்மையே எல்லை. கதிரவனையோ வெல்டிங் பொறியையோ படம்பிடித்த திரைப்படச் சுருளுக்கு அத்தகைய எல்லை இல்லை. வெள்ளைச் சட்டையைவிடப் பன்மடங்கு ஒளியை அது வேறுபடுத்திக் காட்டும். இத்தேவைக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் உருவாக்கி 2003இல் பொதுவெளியில் அளித்த ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பு வடிவில் 1ஐவிடப் பெரிய எண்களும் இடம்பெறுகின்றன.

இங்கே நிலைப்பட மரபின் சூத்திரங்கள் உடைகின்றன. 3 மதிப்புள்ள இரு ஒளிகளை ஸ்கிரீன் முறையில் கலந்தால், தலைகீழாக்கியபின் ஒவ்வொன்றும் -2 ஆகும், பெருக்கினால் 4, மீண்டும் தலைகீழாக்கினால் -3. இரு பெருவெளிச்சங்கள் சேர்ந்து இருளினும் இருண்ட புள்ளியைத் தருகின்றன. நியூக் இதைத் தவிர்க்க, எண்கள் 0-1 எல்லையைத் தாண்டும்போது ஸ்கிரீனைக் கைவிட்டு, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்கிறது. போட்டோஷாப் வேறுவழியில் தவிர்க்கிறது: 32 பிட் படங்களில் ஸ்கிரீன், ஓவர்லே முதலிய பல முறைகளை அது வழங்குவதே இல்லை, பெருக்கல், கூட்டல், டார்க்கன், லைட்டன் போன்ற சிலவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. ஒரே பெயருள்ள முறை ஓரிடத்தில் திருத்தப்பட்டது, மற்றோரிடத்தில் விலக்கப்பட்டது.

7. வெற்றிடமும் நிறக்குறியும்

மேலடுக்கில் எதுவும் இல்லாத இடத்தில் என்ன நேர வேண்டும் என்பதிலும் இரு மரபுகள் உள்ளன. போட்டோஷாப்பில் வெற்றிடம் என்பது அடுக்கே இல்லாத இடம். கீழ்ப்படம் தீண்டப்படாமல் நிற்கும். நியூக்கில் படம் ஆல்ஃபாவால் முன்பே பெருக்கப்பட்ட நிலையில் இருப்பது வழக்கம். வெற்றிடத்தின் வண்ண எண் 0. அதைக் கீழ்ப்படத்தோடு நேராகப் பெருக்கினால் 0 கிடைக்கும்; உருவத்தைச் சுற்றிய பகுதி முழுவதும் கறுத்துவிடும். நிலைப்படத் துறையிலிருந்து வருவோர் முதலில் இடறும் இடங்களுள் இது ஒன்று. இங்கு பெருக்கல் கெடவில்லை; 'இன்மை' என்பதற்கு இரு துறைகளும் கொண்ட பொருளே வேறு.

தொலைக்காட்சி மரபிலிருந்து வந்த இன்னொரு சிக்கல் நிறக்குறியைப் பற்றியது. காணொளிக் கோப்புகள் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் என எண்களைச் சேமிப்பதில்லை. ஒளியை ஓர் எண்ணாகவும் நிற வேறுபாட்டை இரண்டு எண்களாகவும் சேமிக்கின்றன. நிறமற்ற சாம்பலுக்கு நிற எண்கள் 128 ஆக இருக்கும். எஃப்எஃப்எம்பெக் என்னும் திறமூலக் கருவியின் கலப்பு வடிப்பி, தனக்கு அளிக்கப்பட்ட எண்களின்மீதே சூத்திரத்தைச் செலுத்துகிறது. இரு சாம்பல் படங்களை அவ்வாறு பெருக்கினால் நிற எண்களும் பெருக்கப்பட்டு 64 ஆகின்றன, படம் பச்சையாகிறது. ஸ்கிரீன் செய்தால் அவை 192 ஆகி, படம் கருஞ்சிவப்பு ஊதாவாகிறது. முதலில் சிவப்பு-பச்சை-நீல வடிவுக்கு மாற்றிய பின்னரே கலக்க வேண்டும் என்பது இதனால் அறியப்படுகிறது.

8. பெயர்களின் நிலையாமை

ஒரே மென்பொருளுக்குள்ளும் பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் மாறியதுண்டு. திறமூல மென்பொருளாகிய ஜிம்ப்பில், ஓவர்லே என்ற பெயரில் நெடுங்காலம் செயல்பட்டது உண்மையில் மென்னொளியின் சூத்திரம். இப்பிழை தெரிந்தபின்னும் உடனே திருத்த இயலவில்லை. பயனர்கள் சேமித்த பழைய கோப்புகள் அப்பிழையை நம்பியிருந்தன. 2018இல் வந்த 2.10 பதிப்பு இதற்கு நேர்மையான தீர்வைக் கண்டது. பழைய முறைகள் 'மரபுவழி' என்னும் தனித் தொகுதியாகப் பாதுகாக்கப்பட்டன; புதிய முறைகளில், நேரியல் ஒளியில் கலப்பதா, புலனுணர்வை ஒட்டிய வளைந்த வெளியில் கலப்பதா என்பதை அடுக்குவாரியாகத் தேர இடமளிக்கப்பட்டது. எண்ணின் பொருளும் முறையின் பகுதியே என்பதை இத்தீர்வு ஏற்றுக்கொண்டது.

மென்னொளிக்கும் ஒரே சூத்திரம் இல்லை. போட்டோஷாப்பின் சூத்திரமும், வலைத்தளங்களுக்கான தர ஆவணம் கூறும் சூத்திரமும் கீழ்ப்படத்தின் மிக இருண்ட பகுதியில் பிரிகின்றன: முன்னது இருமடி மூலத்தைக் கையாள, பின்னது அவ்விடத்தில் வேறொரு பல்லுறுப்புக் கோவையைக் கையாள்கிறது.

தமிழில் இம்முறைகளைப் பெயரிடுவோருக்கும் இவ்வரலாறு பயன்படும். 'மல்டிப்ளை' என்பதைப் பெருக்கல் என்பதில் தவறில்லை. பெயரும் செயலும் ஒன்றே. 'ஸ்கிரீன்' என்பதைத் திரை என்றால், இரு படங்களை ஒரே திரையில் வீழ்த்துவது என்ற பொருள் தோன்றும். ஆங்கிலக் கையேடுகளும் அவ்வாறே விளக்குவதுண்டு. ஆனால் திரையில் வீழும் இரு ஒளிகள் கூடுகின்றன. ஸ்கிரீன் செய்வது எதிர்ப்படங்களின் பெருக்கம். அதனை 'எதிர்ப்பெருக்கல்' என்பது செயலுக்கு நெருக்கமாக அமையும்.

முடிவுரை

நிலைப்பட மென்பொருளுக்கும் அசைபட மென்பொருளுக்கும் இடையே கலப்பு முறைகள் வேறுபடுவதன் வேர், அவை எழுந்த பொருள்களில் உள்ளது. தாளையும் படலத்தையும் மூலமாகக் கொண்ட மரபுக்கு வெண்மை எல்லையாகவும் பெருக்கல் அடிப்படையாகவும் அமைந்தன. திரைச்சுருளை மூலமாகக் கொண்ட மரபுக்குக் கறுப்பு தொடக்கமாகவும் கூட்டல் அடிப்படையாகவும் அமைந்தன. தொலைக்காட்சி, இரண்டுக்கும் இடையே வளைந்த குறியை வைத்தது. கணினி இம்மூன்றையும் ஒரே கீழிறங்கு பட்டியலில் நிறுத்தியபோது பெயர்கள் ஒன்றாயின. எண்களின் பொருள் ஒன்றாகவில்லை.

ஆகவே, ஒரு கலப்பை முழுமையாகக் குறிப்பிட முறையின் பெயர் மட்டும் போதாது. எண்கள் நேரியலா வளைந்தவையா, 1க்கு மேல் செல்லலாமா, வெற்றிடம் எவ்வாறு கொள்ளப்படுகிறது, கலப்பு தொகுப்பின் எல்லையைக் கடக்கிறதா என்னும் நான்கும் உடன் குறிக்கப்பட வேண்டும். அடுக்குகளோடு சேமிக்கப்படும் படைப்புகள் பல ஆண்டுகள் கழித்து வேறு மென்பொருளில் திறக்கப்படும் நிலை பெருகிவருகிறது. அப்போது இக்குறிப்புகள் இல்லையெனில், கோப்பு கெடாமல் இருந்தும் அதை உருவாக்கியவர் கண்ட படம் மீளாது. அவ்விடத்தில் கலப்பு முறையின் பெயர் எஞ்சியிருக்கும். அவர் தேர்ந்த ஒளி எஞ்சியிராது.